காத்திருந்த கணக்கு

ஆண்டு விழா மலரில் கணிதத்தைப் பற்றி ஒரு கட்டுரையா என்று அன்பர் சிலர் வியக்கக்கூடும். இலக்கியமும் இசையும் மணக்க வேண்டிய ஏட்டில் எண்களுக்கு என்ன வேலை என்று கேட்பாரும் இருப்பர். ஆயினும் நாம் ஈண்டுச் சொல்லப் புகுவது வெறுங் கணக்கன்று. ஓர் எளிய வினாவுக்கு அறுபது ஆண்டுகளாகப் பல நாட்டு அறிஞர்கள் விடை தேடிய வரலாறு அது. அவ்வரலாற்றின் நடுவே, எவரும் எதிர்பாராத ஓரிடத்தில், கும்பகோணத்தில் வளர்ந்த ஓர் இளைஞர் எழுதி வைத்த கணக்கும் வந்து நிற்கிறது.

இன்னுமொரு காரணமும் உண்டு. மாலை வேளையில் நம் வீட்டுப் பிள்ளைகள் கணக்குப் புத்தகத்தை மூடிவைத்து, "இதனால் என்ன பயன்?" என்று கேட்கின்றனர். பிழைப்பின் பொருட்டுத் தாயகம் விட்டு வந்த நமக்கு அக்கேள்வியின் நியாயம் புரிகிறது. தக்க விடைதான் கிடைப்பதில்லை. இவ்வரலாறு ஒருவாறு அதற்கு விடை கூறும் என நம்புகிறோம்.

வினா பிறந்தது

இரும்புக் காந்தம் ஒன்றைக் காய்ச்சிக்கொண்டே போனால், ஏறத்தாழ 770 பாகை சென்டிகிரேடு வெப்பநிலையில் அதன் காந்தத் தன்மை மறைந்து போகிறது. அந்த எல்லைக்குக் கீழே கோடானுகோடி அணுக்கள் ஒரே திசை நோக்கி அணிவகுத்து நிற்கின்றன. எல்லையைத் தாண்டியதும் அவ்வணிவகுப்புக் கலைகிறது. இதில் வியப்பு யாதெனில், அணு ஒவ்வொன்றும் தன் அண்டை அயலாரை மட்டுமே அறியும். தொலைவில் உள்ள அணு என்ன செய்கிறதென்று அதற்குத் தெரியாது. அவ்வாறிருக்க, அத்தனை அணுக்களும் குறித்த ஒரு வெப்பநிலையில் ஒருங்கே மனம் மாறுவது எங்ஙனம்?

1920ஆம் ஆண்டில் ஜெர்மானியப் பேராசிரியர் வில்ஹெல்ம் லென்ஸ் இதனை ஆராய ஓர் எளிய மாதிரியை வகுத்தார். நம் இல்லத்து வாசலில் இடும் புள்ளிக் கோலத்தை நினைவு கொள்ளுங்கள். வரிசை வரிசையாகப் புள்ளிகள். புள்ளி ஒவ்வொன்றிலும் ஒரு சிறு காந்தம். அது மேல் நோக்கலாம், அல்லது கீழ் நோக்கலாம். பக்கத்துப் புள்ளிகள் இரண்டும் ஒரே திசை நோக்கினால் ஆற்றல் குறையும். மாறி நின்றால் கூடும். வெப்பமோ அவற்றை ஓயாது கலைத்துக்கொண்டே இருக்கும். மாதிரி இவ்வளவே.

விதி எளிது, கணக்கோ பெரிது. பத்துக்குப் பத்து என நூறு புள்ளிகள் வைத்தால், அவை நிற்கக்கூடிய வகைகளின் எண்ணிக்கை 31 இலக்கங்கள் கொண்ட ஓர் எண்ணாகும். அவ்வகைகள் அனைத்தையும் ஒன்றுவிடாமல் எண்ணிக் கூட்ட வேண்டும். அதுவும் நூறு புள்ளிகளுக்கு அன்று, எல்லையற்ற புள்ளிகளுக்கு.

கைவிடப்பட்ட ஆராய்ச்சி

லென்ஸ் தம் மாணாக்கரான எர்ன்ஸ்ட் ஈசிங் என்பாரிடம் இக்கணக்கை ஒப்படைத்தார். கொலோன் நகரில் 1900ஆம் ஆண்டு பிறந்த ஈசிங், ஹாம்பர்க் பல்கலைக் கழகத்தில் 1924இல் இதனைத் தம் ஆய்வேடாக அளித்தார்; மறு ஆண்டு அதன் சுருக்கம் வெளிவந்தது. ஒரே வரிசையில் நிற்கும் புள்ளிகளுக்கு அவர் துல்லியமான விடை கண்டார். அவ்விடை ஏமாற்றமளித்தது. ஒற்றை வரிசையில், வெப்பம் சிறிதளவு இருப்பினும் நிலைத்த காந்தத் தன்மை தோன்றுவதே இல்லை. வரிசையில் நிற்போர் செவிவழியாகச் செய்தி கடத்தும் விளையாட்டில் இடையே ஒருவர் தவறாகச் சொல்லிவிட்டால் பின்னுள்ளோர் எல்லாருக்கும் தவறே போய்ச் சேர்வது போல, ஒரே ஒரு முறிவு அணிவகுப்பைக் கெடுத்துவிடுகிறது. நீளம் அகலம் உயரம் உடைய மெய்யான காந்தத்துக்கும் முடிவு இதுவே என ஈசிங் கருதினார். அக்கருத்துப் பிழையானது. ஆனால் அன்று அதனை எவரும் அறியவில்லை. மாதிரி பயனற்றதென ஒதுக்கப்பட்டது. ஈசிங்கும் ஆராய்ச்சியை விடுத்து ஆசிரியர் தொழிலை மேற்கொண்டார்.

அவர் வாழ்வில் அதன்பின் நேர்ந்தவை உள்ளத்தை உருக்குவன. அவர் யூதர். 1933இல் நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் பணியிழந்தார். போட்ஸ்டாம் நகரையடுத்த காபுத் என்னும் ஊரில் யூதப் பிள்ளைகளுக்கென நடந்த உறைவிடப் பள்ளியில் ஆசிரியராகிப் பின் தலைமையாசிரியரும் ஆனார். 1938 நவம்பரில் வெறியர்கள் அப்பள்ளியைச் சூறையாடினர். 1939இல் மனைவியோடு லக்சம்பர்கு நாட்டில் அடைக்கலம் புகுந்தார். 1940 மே 10ஆம் நாள், அவருடைய நாற்பதாம் பிறந்தநாளன்று, ஜெர்மானியப் படை அந்நாட்டிலும் புகுந்தது. பின்னர் இருப்புப் பாதைகளைப் பெயர்த்தெடுக்கும் கட்டாய வேலையிலும் அவர் ஈடுபடுத்தப்பட்டார். மனைவி யூதரல்லாதவர் என்பதே அவர் உயிரைக் காத்தது எனலாம்.

அவர் தண்டவாளம் பெயர்த்துக்கொண்டிருந்த அதே காலத்தில், கடலுக்கு அப்பால் அவர் பெயர் தாங்கிய மாதிரி புத்துயிர் பெற்றுக்கொண்டிருந்தது. அவர் அதனை அறியார்.

ஆன்சாகர் கண்ட விடை

மாதிரிக்கு மறுவாழ்வு தந்தவருள் முதல்வர் ருடால்ஃப் பையர்ல்ஸ். ஒற்றை வரிசைக்குப் பொருந்துவது பரப்புக்குப் பொருந்தாது என்று 1936இல் அவர் காட்டினார். பரப்பில் புள்ளி ஒன்றுக்கு நான்கு அண்டைவீட்டார் உளர். ஒருவர் தவறினும் மற்ற மூவர் திருத்துவர். தவறு பரவ வேண்டுமாயின் நெடியதோர் எல்லைக்கோடே உருவாக வேண்டும். அதற்கு மிகுந்த ஆற்றல் வேண்டும். ஆகவே வெப்பம் குறைவாயின் அணிவகுப்பு நிலைக்கும்.

எந்த வெப்பநிலையில் அது கலையும்? 1941இல் கிராமர்ஸ், வானியர் ஆகிய இருவரும் ஓர் அரிய வழி கண்டனர். தாழ்ந்த வெப்பநிலைக் கணக்கும் உயர்ந்த வெப்பநிலைக் கணக்கும் கண்ணாடியில் பார்க்கும் உருவும் நிழலும் போல் ஒத்திருக்கின்றன என்பதே அது. மாற்றம் ஒரே இடத்தில்தான் நிகழும் எனின், அவ்விடம் உருவும் நிழலும் கூடும் இடமாகவே இருத்தல் வேண்டும். அண்டைப் புள்ளிகளின் பிணைப்பு வலிமையை 1 எனக் கொண்டால், வெப்பத்தின் அளவு 2.269 ஆகும்போது மாற்றம் நிகழ்கிறது. பரப்பு முழுவதையும் ஒருசேரக் கணக்கிடாமல் வரிசை வரிசையாக அடுக்கிச் செல்லும் முறையையும் அவர்கள் கையாண்டனர். ஒரு வரிசையிலிருந்து அடுத்த வரிசைக்குச் செல்வதை எண்களாலான ஒரு பெரிய அட்டவணையால் குறித்தனர். கணித நூலார் இவ்வட்டவணையை 'அணி' என்பர்.

1942 பிப்ரவரி 28ஆம் நாள் நியூயார்க்கில் கூடிய ஓர் அறிஞர் கூட்டத்தில், வானியர் பேசி முடித்ததும் ஒருவர் எழுந்து, தாம் இக்கணக்கைத் துல்லியமாகத் தீர்த்துவிட்டதாக அறிவித்தார். அவர் நார்வே நாட்டினரான லார்ஸ் ஆன்சாகர். முழு விளக்கம் 1944இல் வெளிவந்தது.

அவர் வென்றது எவ்வாறு? இவ்விடத்தில் சற்றே நின்று நோக்குதல் வேண்டும். இரண்டு செயல்களைச் செய்யும்போது எதனை முன் செய்வது, எதனைப் பின் செய்வது என்பது பெரும்பாலும் பயனை மாற்றிவிடும். அரிசியை ஊறவைத்து அரைத்தால் மாவு. அரைத்தபின் ஊறவைத்தால் கிடைப்பது வேறு. காந்தப் புள்ளிகளின் கணக்கிலும் இரு செயல்கள் உண்டு. ஒன்று, வரிசைக்குள் அண்டைப் புள்ளிகளை இணைப்பது. மற்றொன்று, வரிசையை வரிசையோடு இணைப்பது. முன்பின் மாற்றிச் செய்தால் இவற்றின் பயனும் மாறும். அவ்வேறுபாட்டையே ஆன்சாகர் மூன்றாவதொரு செயலாகக் கொண்டார். அதனையும் பழைய செயல்களையும் மீண்டும் முன்பின் மாற்றி, வந்த வேறுபாடுகளைத் தொகுத்தார். இப்படிப் பெருகும் செயல்கள் கட்டுக்கடங்காமல் போய்விடும் என்றே எவரும் எண்ணுவர். ஆனால் அவை ஒரு குடும்பம் போல் ஒழுங்குபட்டு, எளிய விதிகளுக்குள் அடங்கி நின்றன. அக்குடும்பத்தை இன்று 'ஆன்சாகர் இயற்கணிதம்' என்று வழங்குகின்றனர்.

1949இல் புரூரியா காப்மன் என்னும் பெண்மணி இவ்வழியை மிக எளிதாக்கினார். வரிசையில் 20 புள்ளிகள் இருப்பின் அணியின் அளவு 10,48,576. அவ்வளவு பெரிய அணி உண்மையில் 40 திசைகளுடைய வெளியில் நிகழும் சுழற்சியின் மறைவடிவமே என்று அவர் காட்டினார். பத்து இலட்சம் நாற்பதாகச் சுருங்கியது. விடை கிடைத்ததற்குக் காரணம் கணக்கிடுவோரின் உழைப்பு மட்டுமன்று. கணக்கினுள்ளேயே ஓர் ஒழுங்கு ஒளிந்திருந்தது.

நிலைத்த காந்தத் தன்மை எவ்வாறு குன்றி மறைகிறது என்பதற்கும் ஆன்சாகர் ஒரு வாய்பாடு கண்டார். 1948இல் அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக் கழகத்திலும், 1949இல் இத்தாலியில் பிளாரன்ஸ் நகரிலும் அதனை அறிவித்தார். மெய்ப்பிப்பை மட்டும் வெளியிடவில்லை. சீன நாட்டில் பிறந்த சென் நிங் யாங் நெடுநாள் முயன்று 1952இல் மெய்ப்பிப்பை அளித்தார். பிற்காலத்தில், ருபீடியம் கோபால்ட் புளோரைடு போன்ற, அடுக்கடுக்காய் அமைந்த படிகங்களை அளந்து பார்த்தபோது, இயற்கையும் ஏறத்தாழ அவ்வாய்பாட்டின்படியே ஒழுகுவது தெரிய வந்தது.

பனிக்கட்டியும் மூன்று கோடுகளும்

ஆன்சாகர் வெற்றி ஒரு தனி நிகழ்ச்சியா, அன்றி வேறு மாதிரிகளுக்கும் அத்தகைய ஒழுங்கு உண்டா என்ற ஐயம் இருபது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. 1967இல் எலியட் லீப் அதனைப் போக்கினார். பனிக்கட்டியில் ஆக்சிஜன் அணு ஒவ்வொன்றையும் சூழ நான்கு ஹைட்ரஜன் அணுக்கள் உள. அவற்றுள் இரண்டு அருகிலும் இரண்டு தொலைவிலும் நிற்கும். இவை எத்தனை வகையில் அமையலாம் என்று 1935இல் லைனஸ் பாலிங் மதிப்பிட்டு, மூலக்கூறு ஒன்றுக்கு 1.5 என்றார். சதுரப் பரப்பில் அமைந்த பனிக்கட்டி மாதிரிக்கு லீப் கண்ட துல்லிய விடை 1.5396. ஹான்ஸ் பேத்தே 1931இல் வேறொரு கணக்குக்காக வகுத்த வழியே அவருக்குக் கைகொடுத்தது.

இவையனைத்துக்கும் பொதுவான ஒழுங்கு யாது? மின்பொறியியல் பயின்ற அன்பர்கள் 'ஸ்டார்–டெல்டா' மாற்றத்தை அறிவர். 1899இல் கென்னலி என்பார் எழுதியது அது. மூன்று முனைகளை நடுவே ஒரு புள்ளியில் இணைத்தாலும், முக்கோணமாக இணைத்தாலும், தடைகளைத் தக்கவாறு தேர்ந்தால், வெளியே நின்று அளப்பவருக்கு வேற்றுமை தெரியாது. இதுபோன்றதொரு மாற்றம் காந்த மாதிரிக்கும் உண்டென ஆன்சாகர் 1944ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே குறித்திருந்தார்.

அதன் முழு ஆற்றலையும் வெளிக்கொணர்ந்தவர் இருவர். யாங் 1967இல் ஒரே கோட்டில் இயங்கும் துகள்களை ஆராய்ந்தபோது அதனை எதிர்கொண்டார். இங்கிலாந்தில் பிறந்து ஆஸ்திரேலியாவில் பணியாற்றிய ராட்னி பாக்ஸ்டர் 1971இல் பனிக்கட்டி மாதிரியினும் கடினமான ஒன்றைத் தீர்த்தபோது அதனையே அடித்தளமாகக் கொண்டார். அதனை இவ்வாறு விளக்கலாம்: மூன்று நேர்கோடுகள் ஒன்றையொன்று வெட்டுகின்றன. முதலிரண்டு கோடுகள் கூடும் இடத்துக்கு வலப்புறமாகச் செல்லும் மூன்றாம் கோட்டை, அவ்விடத்தைத் தாண்டி இடப்புறமாக நகர்த்தினாலும் மொத்தப் பயன் மாறாது. இது நிறைவேறின், அதன் விளைவாக அணிகள் எண்ணற்றவை முன்பின் மாற்றினும் பயன் மாறாத ஒற்றுமையை அடைகின்றன. அரிசி உவமையில் நாம் கண்ட முரண் இங்கே இல்லை. அவ்வொற்றுமையே விடை காண வழி திறக்கிறது.

லெனின்கிராடு நகரில் ஃபதேயெவ் தலைமையில் ஆராய்ந்தோர் இதற்கு 'யாங்–பாக்ஸ்டர் சமன்பாடு' எனப் பெயரிட்டனர். 1985 அளவில் சோவியத் நாட்டுத் திரின்ஃபெல்டும் ஜப்பானின் ஜிம்போவும் இதிலிருந்து 'குவாண்டம் குலங்கள்' என்னும் புதிய இயற்கணிதத்தை உருவாக்கினர். டெம்பர்லியும் லீபும் 1971இல் எழுதிய விதிகளோ, 1984இல் வான் ஜோன்ஸ் என்பார் கயிற்று முடிச்சுகளை வேறுபடுத்தி அறியக் கண்ட வழியிலும் தலைகாட்டின. காந்தத்தில் தொடங்கிய கணக்கு முடிச்சில் வந்து நின்றது.

கும்பகோணத்துக் கணக்கு

இனி நம்மவரைப் பற்றிச் சொல்வோம். 1887 டிசம்பர் 22இல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச இராமானுஜன், கல்லூரித் தேர்வில் தோல்வியுற்று, 1912இல் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தராகச் சேர்ந்த செய்தி யாவரும் அறிந்ததே. அவர் குறிப்பேட்டில் மெய்ப்பிப்பின்றி எழுதி வைத்தவற்றுள் இரு சமன்பாடுகள் இருந்தன. கேம்பிரிட்ஜ் ஹார்டிக்கு 1913இல் அவர் விடுத்த கடிதத்தில் அவற்றின் கிளையான சில முடிவுகள் இடம்பெற்றன. அச்சமன்பாடுகளை அங்கு எவராலும் மெய்ப்பிக்க முடியவில்லை. மக்மான் என்பார் 1916இல் மெய்ப்பிப்பில்லாமலே தம் நூலில் அச்சிட்டார்.

முதற் சமன்பாட்டின் பொருளைப் பள்ளிப் பிள்ளையும் சரிபார்க்கலாம். 9 என்னும் எண்ணைக் கூறுகளாகப் பிரியுங்கள். எந்த இரு கூறுகளுக்கும் இடையே குறைந்தது 2 வேறுபாடு இருக்க வேண்டும். 9, 8+1, 7+2, 6+3, 5+3+1 என ஐந்து வழிகள் உண்டு. அடுத்து, ஐந்தால் வகுத்தால் 1 அல்லது 4 மீதி தரும் 1, 4, 6, 9 ஆகிய எண்களை மட்டும் வேண்டிய மட்டும் பயன்படுத்திப் பிரியுங்கள். 9, 6+1+1+1, 4+4+1, நான்கும் ஐந்து ஒன்றுகளும், ஒன்பது ஒன்றுகள். மறுபடியும் ஐந்தே. எந்த எண்ணை எடுத்தாலும் இவ்விரு கணக்குகளும் ஒத்துப்போகும். வேறுபாட்டைப் பற்றிய விதிக்கும் ஐந்தின் மீதியைப் பற்றிய விதிக்கும் என்ன உறவு? மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்றுமில்லை.

1917இல் இராமானுஜன் பழைய ஆய்வேடுகளைப் புரட்டிக்கொண்டிருக்கையில், ராஜர்ஸ் என்னும் ஆங்கிலேயர் இவற்றை 1894லேயே மெய்ப்பித்திருப்பதைக் கண்டு வியந்தார். இருபத்துமூன்று ஆண்டுகள் அது கவனிப்பாரற்றுக் கிடந்தது! இருவர் தந்த புதிய மெய்ப்பிப்புகளும் 1919இல் வெளியாயின. 1920 ஏப்ரல் 26ஆம் நாள் இராமானுஜன் சென்னையில் மறைந்தார். லென்ஸ் தம் புள்ளி மாதிரியை வெளியிட்டதும் அதே ஆண்டிலேதான்.

அறுபது ஆண்டுகள் கழிந்தன. 1980இல் பாக்ஸ்டர் வேறொரு மாதிரியை எடுத்துக்கொண்டார். முக்கோணங்களாக அமைந்த புள்ளிகளின்மேல் துகள்களை வைக்க வேண்டும். துகள் உள்ள புள்ளியை அடுத்த புள்ளியில் மற்றொரு துகள் அமரக்கூடாது. துகள் ஒவ்வொன்றும் தன்னைச் சூழ்ந்த ஆறு முக்கோணங்களையும் அடைத்துக்கொள்வதால் இதற்கு 'வன்அறுகோண மாதிரி' என்று பெயர் சொல்லலாம். துகள்கள் குறைவாயின் சிதறிக் கிடக்கும். நெருக்கம் மிகின் ஒழுங்காக அணிவகுக்கும். அம்மாற்றம் எங்கே நிகழும் என்பது வினா.

பாக்ஸ்டர் பரப்பைத் துண்டுகளாகப் பிரித்து ஆராயும் தம் முறையைக் கையாண்டார். இறுதியில் கணக்கு ஒரே கோட்டுக்குச் சுருங்கியது. கோட்டில் 1, 2, 3 என இடங்கள்; சிலவற்றில் துகள் உண்டு, சிலவற்றில் இல்லை; அடுத்தடுத்த இரண்டு இடங்களில் துகள் இருத்தலாகாது. துகள் உள்ள இடங்களின் எண்களைக் கூட்டினால் குறித்த தொகை எத்தனை வழிகளில் வரும் என்று காண வேண்டும். அன்பர்கள் இதற்குள் உணர்ந்திருப்பர். 1, 3, 5 ஆம் இடங்களில் துகள் இருந்தால் தொகை 9. அடுத்தடுத்து அமரக்கூடாது என்பதும், கூறுகளுக்கிடையே குறைந்தது 2 வேறுபாடு வேண்டும் என்பதும் ஒன்றே. இராமானுஜன் கணக்கின் ஒரு பக்கம் அது! மறுபக்கமான ஐந்தின் மீதிக் கணக்கைக் கொண்டு எழுதிய பின்னரே, மாற்றம் நிகழும் இடத்தின் அருகில் மாதிரி எவ்வாறு நடந்துகொள்கிறது என்பதை அறிய முடிந்தது. துகள்களை உள்ளே செலுத்தும் வலிமையைக் குறிக்கும் எண் 11.09 அளவை எட்டும்போது மாற்றம் நிகழ்கிறது. அவ்வெண்ணும் ஐந்தின் வர்க்கமூலத்தால் ஆனதே. கிராபைட்டின் மீது மெல்லிய படலமாகப் படியும் ஹீலியம் அணுக்களின் அணிவகுப்பை விளக்கவும் இம்மாதிரி துணைபுரிந்தது.

நாம் கொள்ள வேண்டியது

ஈசிங் தம் கணக்குத் தோற்றதென்று எண்ணிக் கைவிட்டார். 1947இல் அமெரிக்கா சென்று, பியோரியா நகரத்துப் பிராட்லி பல்கலைக் கழகத்தில் 1976 வரை கற்பித்தார். தம் பெயர் தாங்கிய மாதிரி புகழ்பெற்றிருப்பதைப் போருக்குப் பின்னரே ஏடுகளைப் படித்து அறிந்தார். 1998இல், தமது 98ஆம் வயதில் மறைந்தார். தாம் விதைத்தது விளைந்ததைக் காணும் பேறு அவருக்குக் கிட்டியது. இராமானுஜனுக்கு அப்பேறு கிட்டவில்லை. முப்பத்திரண்டு வயதில் மறைந்த அவர், தம் சமன்பாடு துகள்களின் அணிவகுப்பைக் கூறும் என்று கனவிலும் கருதியிருக்க மாட்டார். அழகாக இருந்தது, உண்மையாக இருந்தது, எழுதி வைத்தார்.

"இதனால் என்ன பயன்?" என்று பிள்ளைகள் கேட்டால், "பயன் இன்னும் வரவில்லை" என்று சொல்வதும் நேர்மையான விடையே. தேர்வில் தோற்ற பிள்ளையைக் கண்டு, அவன் செய்தது யாவும் வீண் என்று நாம் முடிவுகட்டாதிருப்போமாக. இராமானுஜனும் தேர்வில் தோற்றவரே. ஈசிங்கின் முடிவிலும் பிழை இருந்தது. ஆயினும் அவர் ஒற்றை வரிசைக்குக் கண்ட விடை இன்றும் பிழையற்றதாகவே நிற்கிறது. செம்மையாகச் செய்த கணக்கு காத்திருக்கும். அதனைச் செம்மையாகச் செய்யும் பொறுமையை நம் பிள்ளைகளுக்குக் கொடுப்பதே, தாயகத்துக்கு வெளியே வாழும் நாம் அவர்களுக்கு அளிக்கக்கூடிய சீதனம்.